மிஞ்சின புரி

மா அரைக் கிலோ, ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி,
சீனி, பட்டர், முட்டை இரண்டு.
காத்தான்குடிக் கடையில் சாமான் கட்டிய பெடியன்
என் தலைத்துணியைப் பார்த்து ஸலாம் சொன்னான்.
முதல் மாதம் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.
இப்போது பதில் ஸலாம் சொல்லிவிட்டு
மிச்சக் காசை எண்ணுகிறேன்.

ஈஸ்டுக்கு இளஞ்சூட்டுத் தண்ணி வேணுமாம்.
மஞ்சந்தொடுவாயில் சித்திரை மாதம்
குழாயைத் திறந்தாலே இளஞ்சூடு.
நுரைத்தது, பொங்கியது,
கோப்பையைத் தாண்டி மேசையில் ஊர்ந்தது.

முதல்நாள் பாண், கல்.
இரண்டாம் நாள் இவர் எட்டிப் பார்த்து
"கிம்புலா பணிஸா?" என்றார்.
கிம்புலாவுக்கு ஒரு வாலாவது இருக்கும்.
மகன் தின்றான். அவன் எதையும் தின்பான்.

மூன்றாம் நாள் இரவு,
எல்லாரும் படுத்த பிறகு,
நாலு புரி உருட்டி மேசையில் நீட்டினேன்.
போனுக்குள் ஒருத்தி, வளையல் போடாத கைகள் மட்டும்:
வலக்கரைப் புரியை எடு,
பக்கத்ததின் மேலால், அடுத்ததின் கீழால்,
கடைசியின் மேலால்.
செய்தேன்.
மறுகா வலக்கரையில் கிடப்பது எது?
இப்போதுதான் வந்ததா, முன்பே இருந்ததா?
கச்சேரியில் பதினொரு வருடம் கோப்பு அடுக்கியவள் நான்,
காணி உறுதி ஒன்று இடம்மாறியதில்லை.
ஐந்து தரம் அவிழ்த்தேன்.
மா களைத்து வியர்த்தது.

கரண்ட் போனது.
ஒன்பது வீதத்தில் கிடந்த போனும்
கொஞ்சத்தில் கண்ணை மூடியது.

இருட்டில் நின்றேன்.
என்ன நினைத்தேனோ,
மேசைக்கு முதுகைக் காட்டிக் கிறுகி
இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனேன்.
விரல்கள் என்னைக் கேட்கவில்லை.
ஒன்றை ஒதுக்கித் தள்ளிவிட்டு
மூன்றைப் பிடித்தன.
வலது நடுவுக்கு, இடது நடுவுக்கு,
இழுத்து, இறுக்கி, இழுத்து.
ஏழு வயதில் பழகிய வேலை,
ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.
நுனிக்கு வந்ததும்
ரப்பர் பட்டியைத் தேடி
இடது மணிக்கட்டைத் தடவின.

அங்கே ஒன்றுமில்லை.
மஹரகமவில், தலையணையில் கிடந்ததை
தாதி ஒருத்தி பேசாமல் கூட்டி எடுத்த
அந்தக் காலையில் கழற்றி வைத்தது.

நுனியைக் கிள்ளி ஒட்டினேன்.

மா கரண்டுக்குக் காத்திருக்காது.
தட்டத்தைத் தூக்கிக்கொண்டு
உவைஸின் விறகுப் போறணைக்கு நடந்தேன்.
இரண்டரை மணி. ஒரு நாய் கூட வந்தது,
பாதியில் அதற்கு வேறு வேலை இருந்தது.

போறணை வாய்க்குள் நெருப்பு.
அந்த வெளிச்சம் முகத்தில் பட்டு
உச்சியில் சூடு ஏறியபோதுதான் தெரிந்தது,
துணி கட்டாமல் வந்திருக்கிறேன்.
அரை அங்குல முடி, அதுவும் திட்டுத்திட்டாய்.
உவைஸ் பார்த்தார்.
ஸலாம் சொல்லவில்லை.
"வாங்க கா" என்றார்,
தட்டத்தை வாங்கி நெருப்பருகே சாய்த்துப் பிடித்து
"பின்னல் ஆர் போட்டது?"

"நான்தான்."

"இறுக்கம் காணும்," என்றார்,
"உள்ளே வெந்து விரிய இடம் விட்டிருக்கு."
மறுகா விரலால் தொட்டு:
"இந்த மூலையில என்ன, பாம்புக்குட்டி?"
மிஞ்சின புரி.
அதைச் சுருட்டி ஒரு பணிஸாக்கி
வாயோரம் வைத்தார்.
எனது பின்னலை, நீண்ட துடுப்பில் ஏற்றி,
அச்சுப் பாண்களின் வரிசைக்குப் பின்னே
ஆழத்துக்குத் தள்ளினார்.

சின்னது முதலில் வெந்தது.
மாமூட்டையில் குந்திப்
பிய்த்துப் பாதி தந்தார்.
ஆவி மூக்கில் அடித்தது.
வெளியே பாண்கார ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவன்
பாட்டைப் போட்டுப் பார்த்து உடனே நிறுத்தினான்,
ஊர் தூங்குகிறதாம்.

உவைஸ் மென்றார். யோசித்தார்.
நெருப்பைப் பார்த்து இன்னும் கொஞ்சம் மென்றார்.
"உப்புக் காணாது புள்ள."

ஓம்.
மூன்று நாளும் நான்
உப்பே போடவில்லை.